தனியாக, ஒரே நாளில், குறைந்த செலவில்: கோட்டையும் பாறை உச்சியும் பார்க்கத் தருமபுரிக்காரர் எங்கே போகலாம்?

கடலோரம் ஒரு பழைய கோட்டை, பக்கத்தில் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே அலை. வெளிநாட்டுக்காரர்கள் போடும் பயணக் காணொளிகளில் இப்படி ஒரு இடத்துக்குக் காலையில் ரயிலேறிப் போகிறார்கள், பாறை விளிம்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்துகொண்டு இதே மாதிரி ஒரு நாள் வேண்டும் என்றால் என்ன வழி? ஆள் ஒருவர்தான். சொந்த வண்டி கிடையாது. கையில் ஐந்நூறு ரூபாய். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டும்.

கோட்டை, பாறை, கடல் மூன்றும் ஒரே இடத்தில், ஒரே பகலில் போய்த் திரும்பும்படி நமக்குக் கிடைக்காது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் மற்ற முடிவெல்லாம் சுலபம். நமக்குக் கிட்டத்தில் உள்ள கிழக்குக் கரை முழுக்கத் தட்டையான மணல். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடியே நிற்கிறது. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. இரண்டும் அழகுதான், ஆனால் ஏறி நின்று கீழே பார்க்க அங்கே உயரமில்லை. நம் மாவட்டங்களிலோ பாறைக்கும் கோட்டைக்கும் பஞ்சமே இல்லை, கடல்தான் இல்லை. ஆக, மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

இதை முடிவுசெய்ய நான் பார்ப்பது தூரத்தையோ டிக்கெட்டையோ அல்ல. பஸ்ஸில் உட்காரும் நேரம் எவ்வளவு, போன இடத்தில் காலூன்றி நிற்கும் நேரம் எவ்வளவு என்பதைத்தான். நான்கு பேர் காரில் போனால் வழியும் ஒரு பொழுதுபோக்கு. தனியாகப் போகிறவருக்கு பஸ் வெறும் பஸ்தான்.

கடலை விட மனமில்லாதவர்களுக்கு முதலில் தோன்றுவது ஆலம்பரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்தில் இறங்கி உள்ளே போக வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர்களின் கைக்கு, அதாவது புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேவிடம் போனது. பத்தே வருடத்தில், 1760இல், ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துப் போட்டார்கள். அதனால் இன்றைக்கு நாம் பார்ப்பது இடிபாடுதான். ஒரு பக்கம் கழிமுகம், அதற்கு அப்பால் கடல், நடுவில் சிவப்புச் செங்கல் சுவர்கள். போட்டோவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் பஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், மரக்காணம், அப்புறம் கடப்பாக்கம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மூன்று பஸ் மாற வேண்டும். போக ஆறு ஏழு மணி நேரம், வரவும் அதே. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினாலும் உச்சி வெயிலில்தான் போய்ச் சேருவீர்கள். நிழலுக்கு ஒதுங்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, திண்டிவனத்தில் அடுத்த பஸ் எப்போது என்ற கவலையோடு திரும்ப வேண்டும். புதுச்சேரியில் ஒரு இரவு தங்குவதாக இருந்தால் ஆலம்பரை அருமையான யோசனை. ஒரு நாள் பயணத்துக்கு வேண்டாம்.

அதே சாலையில் பாதி வழியைக் கடந்த பிறகு வருவதுதான் செஞ்சி. ஆலம்பரைக்குப் போக நினைத்தவர் செஞ்சியிலேயே இறங்கிவிட்டால் பஸ் நேரம் நான்கு மணி நேரமாகக் குறைந்துவிடும். கிருஷ்ணகிரிக்காரர்கள் செங்கம் வழியாகவும், தருமபுரிக்காரர்கள் அரூர் வழியாகவும் திருவண்ணாமலைக்கு வந்து அங்கே மாறிக்கொள்ளலாம். திருவண்ணாமலையிலிருந்து வரும் சாலை கோட்டை மலைகளுக்கு நடுவில்தான் போகிறது என்பதால் ஊருக்குள் போய்த் திரும்பி வரத் தேவையில்லை. கண்டக்டரிடம் சொல்லி வைத்தால் கோட்டை அருகிலேயே இறக்கிவிடுவார். இங்கேயும் ஒரு மலைக்குக் கிருஷ்ணகிரி என்றுதான் பெயர். 'கிருஷ்ணகிரியிலிருந்து வந்து கிருஷ்ணகிரி ஏறினேன்' என்று வீட்டில் சொன்னால் நம்புவார்களா தெரியவில்லை.

ஏற வேண்டியது ராஜகிரி. சுமார் 800 அடி உயரம். உச்சிக்கு முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் கிடக்கிறது. அதன் மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அந்த ஒரு பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் வர முடியாது. சிவாஜி 1677இல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் 1689இல் இங்கே வந்து அடைக்கலமானபோது, 1690இல் முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டையைக் கைப்பற்ற 1698 வரை ஆனது. அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் எட்டு வருடம் ஏன் ஆனது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான்.

செஞ்சிக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பிற்பகலுக்கு மேல் ராஜகிரி உச்சிக்கு ஏற விடமாட்டார்கள், அதனால் காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, பௌர்ணமி. கிரிவலத்துக்குப் போகும் கூட்டத்தோடு திருவண்ணாமலை பஸ்ஸில் நின்றுகொண்டே போய்விட்டு, அப்புறம் மலையேறுவது வேண்டாத வேலை. காலண்டரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். பஸ், தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்நூறுக்குள் அடங்கும், ஆனால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது. நாளும் முழுதாகப் போய்விடும்.

சரி, இத்தனை தூரம் எதற்கு? தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரச் சொச்சத்தில் எட்டக்கூடிய இரண்டு மலைக்கோட்டைகள் நம்மிடமே இருக்கின்றன. கிருஷ்ணகிரி ஒன்று, ராயக்கோட்டை ஒன்று. இந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேர் இரண்டையும் கீழிருந்து பார்த்ததோடு சரி. இந்த இரண்டுக்குள் எது என்பதுதான் உண்மையில் யோசிக்க வேண்டிய முடிவு.

கிருஷ்ணகிரி மலையை சையத் பாஷா மலை என்றும் சொல்வார்கள். மேலே தர்கா இருக்கிறது. பழையபேட்டை பக்கம் போய் வழி கேட்டால் யாரும் காட்டுவார்கள். விஜயநகரக் காலத்துக் கோட்டை, பின்னால் ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைகளில் இருந்தது. பாராமகால் என்று அந்தக் காலத்தில் பெயர் பெற்ற இந்தச் சுற்றுவட்டாரக் கோட்டைகளில் இதுதான் முக்கியமானது. பாறையிலேயே வெட்டிய படிகளும், இடையில் சரிவான வெறும் பாறையும் மாறி மாறி வரும். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் உச்சி. கட்டணம் எதுவும் கிடையாது.

இந்தக் கோட்டையின் பலம் மதில் அல்ல, பாறைதான். 1768இல் ஆங்கிலேயர்கள் இதைப் பிடித்தது ஏறிப் போய் அல்ல. உள்ளே எதுவும் போகாமல் அடைத்து வைத்து, பட்டினி போட்டுத்தான் சரணடைய வைத்தார்கள். கோட்டை மறுபடியும் மைசூர் கைக்கே போனது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற தளபதி வேறு மாதிரி முயன்று பார்த்தார். இரவில் பேட்டையைத் தாக்கிப் பிடித்து, அங்கிருந்து மேலே தப்பி ஓடியவர்களின் பின்னாலேயே படை நெருக்கிக்கொண்டு ஏறியது. அவர்களோடு சேர்ந்தே உள்ளே நுழைந்துவிடலாம் என்பது திட்டம். கோட்டை வாசல் சாத்தப்பட்டது. மேலே இருந்தவர்கள் பெரிய பெரிய கற்களை உருட்டிவிட, ஏணிகள் நொறுங்கின, படை இறங்கிவிட்டது. கடைசியில் 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகால் முழுவதும் கைமாறியபோதுதான் கோட்டையும் கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அதற்குப் பிறகு இந்தப் பகுதியை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் கீழ் தருமபுரியில் வேலை பார்த்தவர்தான், பிற்பாடு சென்னை மாகாணத்துக்கே கவர்னரான தாமஸ் மன்றோ.

ஏறும்போது செங்குத்தான திருப்பங்களில் ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள். அங்கிருந்து ஒரு கல் உருண்டு வந்தால் ஒதுங்க எந்தப் பக்கம் இடமிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் வரலாற்றுப் பாடம் முடிந்தது. உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஒரு பக்கம் ஊரும் தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளும், இன்னொரு பக்கம் கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணையின் தண்ணீர், நடுவில் மாந்தோப்புகள். கடல் இல்லை என்ற குறை அணை நிறைந்திருக்கும் மாதங்களில் கொஞ்சம் தீரும்.

ராயக்கோட்டை வேறு குணம். தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூர் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே வரும் ஊர். சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் ரயில் பாதையிலும் ராயக்கோட்டைக்கு ஒரு ஸ்டேஷன் உண்டு, ஆனால் பாசஞ்சர் ரயில் நேரத்தை நம்பி ஒரு நாளைத் திட்டமிட முடியாது, பஸ்தான் சரி. ஊரைத் தாண்டி ஓசூர் பக்கம் மேட்டுநிலம் தொடங்குகிறது. வெயில் காலத்திலும் காலைக் காற்று தருமபுரியைவிடக் குளுமையாக இருக்கும். கீழே தக்காளி மண்டி, பெட்டி பெட்டியாக லாரியில் ஏறிக்கொண்டிருக்கும். மேலே துர்க்கம்.

இந்தக் கோட்டை எதற்கு இங்கே என்பதற்கான பதில் கீழே ஓடும் சாலையிலேயே இருக்கிறது. பாராமகால் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் வழியைக் காவல் காக்கும் மலை இது. ஆங்கிலேயப் படைத்தலைவர் காரன்வாலிஸ் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போகும்போது கீழேயிருந்து அரிசியும் மாடும் ஏறி வர வேண்டுமே, அதற்கு இந்த வழி திறந்திருக்க வேண்டும். அதனால் 1791 ஜூலையில் மேஜர் கௌடி என்பவரை அனுப்பினார்கள். கீழ்க்கோட்டை விழுந்தது, மேல்கோட்டை இரண்டொரு நாளில் சரணடைந்தது. நான்கு மாதம் கழித்து கிருஷ்ணகிரியில் நடந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், பாறை இரண்டிலும் இருந்தது, தாக்குப்பிடித்தது ஒன்றுதான். இரண்டையும் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் இதில் சுவாரசியம்.

ஏறுவதற்கு எது சுலபம்? பெரிய வித்தியாசமில்லை. எது அமைதி? சந்தேகமில்லாமல் ராயக்கோட்டை. எது அழகு என்று கேட்டாலும் நான் ராயக்கோட்டைப் பக்கம்தான் சாய்வேன். கிருஷ்ணகிரி உச்சியில் நெடுஞ்சாலைச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இருந்தாலும் முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு நான் சொல்வது கிருஷ்ணகிரிதான். காரணம் அழகல்ல, ஆள் நடமாட்டம். தர்காவுக்கு வருகிறவர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கால் பிசகினாலோ தலை சுற்றினாலோ குரல் கொடுத்தால் கேட்க ஒருவர் இருப்பார். ராயக்கோட்டையில் வார நாளில் உச்சியில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது வரமும்தான், சிக்கலும்தான். இரண்டு மலையிலுமே பொழுது சாயும் நேரத்தில் பாட்டிலோடு ஏறும் கும்பல்கள் உண்டு. படியில் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளே சாட்சி. செருப்போடு போகாமல் ஷூ போட்டுக்கொண்டு போகச் சொல்வது இதற்காகவும்தான். தனியாகப் போகும் பெண்கள் காலை ஏழு மணிக்கு ஏறி பதினொன்றுக்குள் இறங்கிவிடுவது நல்லது. ஆண்களுக்கும் அதே யோசனைதான், அவர்களுக்கு வெயிலை உத்தேசித்து. பதினொரு மணிக்கு மேல் அந்தக் கருங்கல் பாறை தோசைக்கல்தான்.

செலவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தருமபுரியிலிருந்து போக வர பஸ்ஸுக்கு நூறு ரூபாய்ச் சுற்றில், டீ, டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் முந்நூறு. கையில் இருந்த ஐந்நூறில் இருநூறு மிச்சம். கிருஷ்ணகிரிக்கு இன்னொரு வசதி, சேலம்–பெங்களூர் நெடுஞ்சாலையில் எந்த நேரத்திலும் பஸ் உண்டு, கடைசி பஸ்ஸைப் பற்றிய பயமே வேண்டாம். ராயக்கோட்டையிலும் பகலில் பஸ்ஸுக்குக் குறைவில்லை, ஆனால் இருட்டிய பிறகு ரோட்டோரம் நின்று கை காட்டுவது தனியாக இருப்பவருக்கு அவ்வளவு நல்ல அனுபவமல்ல.

மேலே தண்ணீர் விற்பவர் யாரும் கிடையாது. இரண்டு லிட்டர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை பிளாஸ்டிக் கவரில் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் அது குரங்குக்குத்தான், பைக்குள் வைத்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் சரிவான பாறைகள் வழுக்கும், அன்றைக்கு வேண்டாம். கிளம்பும்போது எந்த மலை, எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். அதியமான்கோட்டையைப் பற்றி யாராவது சொன்னால், போங்கள், ஆனால் கோயில்களுக்காகப் போங்கள். சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களைப் பார்க்கலாம். ஏறி நிற்பதற்கு அங்கே கோட்டை எதுவும் மிஞ்சவில்லை.

கோட்டையே வேண்டாம், பாறையும் தண்ணீரும் போதும் என்பவர்களுக்கு ஒகேனக்கல் இருக்கிறது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் பாறைச் சுவர்களுக்கு நடுவே காவிரியில் பரிசலில் போவதுதான் நமக்குக் கிடைக்கும் செங்குத்துப் பாறை அனுபவங்களில் முதலிடம் பெறும். ஆனால் தனியாளுக்கு அங்கே ஒரு தொல்லை. கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று கிடையாது, பரிசலுக்கு இவ்வளவு. நான்கு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டியதை ஒருவரே கொடுத்தால் நம் ஐந்நூறு ரூபாய்க் கணக்கு அங்கேயே மூழ்கிவிடும். பரிசல் துறையில் நின்று, இரண்டு மூன்று பேராக வந்திருக்கும் குடும்பத்தைப் பார்த்து, 'அண்ணா, நானும் உங்களோடு சேர்ந்துக்கட்டுமா, பங்கு கொடுத்துடறேன்' என்று கேட்கக் கூச்சப்படாதவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இப்படி ஆள் கிடைப்பது எளிது. இன்னொன்று, கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் அதிகம் திறந்தால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். தினசரியில் எத்தனை ஆயிரம் கன அடி என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பு வைத்து, வறுத்துத் தரும் அக்காமார்கள் உண்டு. தனியாளாக இருந்தால் அரைக்கிலோ போதும், ஒரு கிலோ எடுக்கச் சொல்வார்கள், அசராமல் நில்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 'இல்லை, எனக்குக் கடலும் வேண்டும், பாறையும் வேண்டும், கோட்டையும் வேண்டும்' என்று அடம் பிடிப்பவர்களுக்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது: வர்க்கலை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கடலின் தலைமேலேயே நிற்கும் செம்மண் பாறை விளிம்பு. அதன் மேலேயே நடைபாதை. கீழே பாபநாசம் கடற்கரை. அங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அஞ்சுதெங்கு. ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி பெற்று ஆங்கிலேயக் கும்பினி 1690களில் கட்டிய சின்னச் சதுரக் கோட்டை அங்கே கடற்கரையிலேயே இருக்கிறது. 1721இல் ராணிக்குப் பரிசுப் பொருட்களோடு போன கும்பினி ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உள்ளூர்க்காரர்கள் கொன்று, இந்தக் கோட்டையையும் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். உள்ளே இன்று பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, மதில் மேல் நின்றால் ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் தென்னையும்தான். ஆனால் காணொளியில் பார்த்த அந்த மூன்றும் ஒரே பகலில் கிடைப்பது இங்கேதான்.

பகல் ஒன்றுதான், ஆனால் இரவு இரண்டு ஆகும். சென்னையிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரயில்கள் பல சேலம் வழியாகப் போகின்றன. சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால், வெள்ளி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு சேலத்துக்குப் பஸ் ஏறி, நள்ளிரவு வாக்கில் ரயிலைப் பிடித்தால் மறுநாள் முற்பகலில் வர்க்கலை ஸ்டேஷன். தங்கும் அறை தேவையில்லை, ஸ்லீப்பர் பெர்த்தே அறை. முதலில் அஞ்சுதெங்கு, வெயில் தாழ்ந்ததும் பாறை விளிம்பு என்று வரிசை வைத்துக்கொள்வது வசதி. விளிம்பு அரித்துக்கொண்டே வருகிற இடம் என்பதால் வேலியைத் தாண்டிப் போய் போட்டோ எடுக்க வேண்டாம். ஐந்நூறு ரூபாயில் முடியாது, ஆயிரத்துக்கு மேல் ஆகும். போகும் டிக்கெட்டைவிடத் திரும்பும் டிக்கெட்டுக்குத்தான் அடிதடி. அதை முதலில் எடுத்துவிட்டு, அது உறுதியான பிறகு போகும் டிக்கெட்டைப் போடுங்கள்.